மலையிலிருந்து இறங்கும் காற்று



1911 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து 'அரோரா' என்ற கப்பல் தென் துருவக் கண்டத்தை நோக்கிப் புறப்பட்டது. தலைவர் டக்ளஸ் மாசன் ஒரு நிலவியல் அறிஞர். 1912 ஜனவரியில் காமன்வெல்த் விரிகுடாவில் பாறைகள் நிறைந்த ஒரு முனையைக் கண்டு, அங்கே மரக் குடிசை அமைத்தார்கள். அதில் பதினெட்டுப் பேர் குடியிருந்தனர். இறங்கிய நாளில் வானிலை நன்றாகத்தான் இருந்தது. கடல்மட்டத்தில் உலகிலேயே மிகக் கடுமையாகக் காற்று வீசும் இடங்களுள் ஒன்றில் வீடு கட்டியிருக்கிறோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே காற்றின் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சராசரி என்பதைக் கவனியுங்கள். புயல் நாளின் கணக்கல்ல இது. காலணியில் இரும்பு முட்கள் பூட்டி, காற்றின் மேல் சாய்ந்துகொண்டுதான் நடந்தார்கள். காற்று சட்டென்று நின்றால் குப்புற விழுவார்கள்!

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அக்கண்டத்தின் உட்பகுதி 3000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிக்கட்டி மேடு. பனிப்பரப்பு தன் வெப்பத்தை ஓயாமல் வானத்துக்கு இழக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. கனமானது சரிவில் இறங்கத்தானே செய்யும்? மலைத் தோட்டங்களில் விடியற்காலையில் பள்ளத்துப் பகுதியில் குளிர் மிகுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே செயல்தான். ஆனால் அங்கே சரிவு பல நூறு கிலோமீட்டர் நீளம். ஓடைகள் ஒன்றுகூடி ஆறாவதுபோல், அகன்ற பரப்பின் குளிர்காற்று சில இடங்களில் ஒருங்கே குவிகிறது. மாசன் குடிசை போட்டது அப்படிப்பட்ட ஒரு வாயிலில். கடல்மேல் தாழ்வழுத்தம் வந்துவிட்டால் வேகம் இன்னும் கூடும். தரையில் கிடக்கும் பனித்தூளை அக்காற்று வாரி இறைக்கிறது. அதனால் வானத்திலிருந்து புதுப் பனி பெய்யாமலே பனிப்புயல் உண்டாகலாம். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது.

1912 நவம்பரில் மாசன், நின்னிஸ், மெர்ட்ஸ் ஆகிய மூவர் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் கிழக்கே சென்றனர். டிசம்பர் 14-இல் நின்னிஸ் வண்டியோடு பனிப் பிளவில் விழுந்து மறைந்தார். உணவில் பெரும்பகுதியும் அவரோடு போயிற்று. நாய்களைக் கொன்று தின்று திரும்பினர். ஜனவரியில் மெர்ட்ஸும் இறந்தார். மாசன் தனியாகவே நடந்து, குடிசைக்கு 9 கிலோமீட்டருக்குள் இருந்த பனிக்குகையை அடைந்தார். அங்கே ஒரு வாரம் காற்று அவரைச் சிறைவைத்தது.

1913 பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் இறங்கி வந்தபோது, 'அரோரா' சில மணி நேரத்துக்கு முன்புதான் புறப்பட்டிருந்தது. அவரைத் தேடுவதற்காக ஆறு பேர் தங்கியிருந்தனர். கம்பியில்லாத் தந்தி அனுப்பினார்கள். கப்பல் திரும்பியும் வந்தது. ஆனால் அதே இறங்கு காற்றில் படகை இறக்க முடியவில்லை. மேற்கே வேறொரு முகாமில் எட்டுப் பேர் காத்திருந்தனர். கடல் உறைவதற்குள் அவர்களை ஏற்ற வேண்டும். கப்பல் தலைவர் டேவிஸ் போகத்தான் வேண்டியிருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏழு பேரும் இன்னொரு குளிர்காலம் முழுவதும் அக்காற்றைக் கேட்டுக்கொண்டே கிடந்தார்கள். 1913 டிசம்பரில்தான் கப்பல் மீண்டும் வந்தது.