மற்போரும் பிடிநுட்பமும்
தாம்பரத்திற்கு வடக்கே பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உளது. அவன் விருதுப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன் (ஏறத்தாழ கி.பி. 630-668) பூண்ட விருதுகளுள் ஒன்று 'மாமல்லன்' என்பது. பேரரசனே விரும்பிப் பூணும் பெருமை மற்போருக்கு அந்நாளில் இருந்தது.

'மல்' என்பதற்கு வலிமை எனப் பொருள் கூறுவர். அதுகொண்டு மற்போரை உடல்வலி ஒன்றாலாய போர் எனல் பொருந்துமோ? பொருந்தாது என்பது எம் கருத்து.

புறநானூற்று 80ஆம் பாட்டில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற வகையைச் சாத்தந்தையார் காட்டுகிறார். அவன் கால் ஒன்று மல்லனின் மார்பை அழுத்துகின்றது. மற்றொன்று அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகிற் படிகின்றது. ஈண்டு வென்றது காலின் நுட்பம்.

அகநானூற்று 386ஆம் பாட்டில், பாணன் என்னும் மல்லனை எதிர்த்த ஆரியப் பொருநன் தோள் முறிந்து கிடக்கிறான். அதுகண்டு கணையன் நாணுகிறான் என்பர் பரணர். ஈண்டு வென்றது கைப்பிடி. வேற்றுநாட்டான் களம் புகுந்தமையின், இருவேறு பயிற்சிமுறைகள் எதிர்ப்பட்டன எனக் கருதவும் இடமுண்டு.

ஆகலின், இப்பாட்டுகளுக்கு உரை காண்போர் அகராதியோடு அமையாது, களத்திற் பயில்வோர் அறிந்த பிடிகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். அன்றேல், புலவர் கண்ணாற் கண்டு பாடிய நுட்பம் வெறும் வலிமைப் புகழ்ச்சியாய்ச் சுருங்கிவிடும்.