ருவாண்டா நில உரிமைப் பதிவுத் திட்டம்

ருவாண்டா நில உரிமைப் பதிவுத் திட்டம் என்பது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் நிலங்களை உரிமையாளர் பெயரில் பதிவு செய்த திட்டமாகும். 2005 ஆம் ஆண்டு நிலச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். முன்னோடித் திட்டத்தை அடுத்து, 2009 முதல் 2013 வரை நாடெங்கும் நடைபெற்ற இப்பணிக்குப் பிரித்தானியா உள்ளிட்ட நாடுகள் நிதியுதவி அளித்தன. 1 கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளின் எல்லைகள் குறிக்கப்பட்டன.

விழிப்புணர்வுப் பணி

பதிவுக்கு முன்னர் ஊர்க்கூட்டங்களிலும் வானொலியிலும் நடைமுறைகள் விளக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள், அண்டை நிலத்தாரின் முன்னிலையில், வான்வழி ஒளிப்படங்களில் எல்லைகளைக் குறித்தனர். பிணக்குகள் அபுன்சி எனப்படும் ஊர் நடுவர்களிடம் கொண்டு செல்லப்பட்டன.

பெண்களின் உரிமை

1999 ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள் இருவருக்கும் சம வாரிசுரிமை வழங்கியிருந்தது. சட்டப்படி மணந்த மனைவியரின் நில உரிமை பதிவினால் வலுப்பெற்றது. ஆனால், திருமணத்தைப் பதிவு செய்யாத பெண்களின் உரிமை நலிவடைந்ததை முன்னோடித் திட்டத்தின் மதிப்பீடு காட்டியது. இதனால் நாடு தழுவிய பதிவில் நடைமுறைகள் திருத்தப்பட்டன. எவருடைய பெயர்கள் படிவத்தில் இடம்பெறலாம் என்பதை, பதிவு செய்பவரும் குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் இத்தகைய திட்டங்களில் இன்றியமையாததாகும்.