நிலவேம்பும் ஒரு புட்டி பிராந்தியும்

கஷாயத்துக்குத் தண்ணீர் போதும். டிஞ்சருக்குச் சாராயம் வேண்டும். வெள்ளைப்போளம் போன்ற பிசின்கள் வெந்நீரில் முழுதாகக் கரையாது. சாராயத்தில் நன்றாக இறங்கும். ஊறிய சாறு புளிக்காது, மாதக்கணக்கில் கெடாது.

1868-இல் லண்டனில் வெளியான ‘பார்மகோப்பியா ஆஃப் இந்தியா’ நூலில் நிலவேம்பு டிஞ்சர் ஒன்று உண்டு. நிலவேம்பு, வெள்ளைப்போளம், கரியபோளம் (உலர்ந்த கற்றாழைச் சாறு), ஊறவைக்கப் பிராந்தி. முதல் மூன்றும் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. நான்காவதுதான் சீமைச் சரக்கு! நூலைத் தொகுத்த எட்வர்ட் ஜான் வேரிங் திருவிதாங்கூரில் பணியாற்றியவர். கப்பலில் வரும் மருந்துக்குக் காத்திராமல் கடைத்தெருவில் கிடைப்பதை வைத்தே வைத்தியம் பார்க்கலாம் என்று ‘பஜார் மருந்துகள்’ பற்றித் தனி நூலும் எழுதினார்.

ஆனால் கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? நிலவேம்பு என்ற பெயர் இமயமலைச் சீரத்குச்சிக்கும் வழங்கியது. இரண்டும் கடுங்கசப்பு, செடிகளோ வேறு. சென்னை மருத்துவர் முகைதீன் ஷெரீப் 1869-இல் ‘பார்மகோப்பியா’வுக்கு எழுதிய இணைப்பில் தமிழ் உட்படப் பல மொழிப் பெயர்களைத் திரட்டித் தந்தார். மூல நூலைவிடக் கடைக்காரருக்கு உதவியது இதுவாகத்தான் இருக்கும்.

மூலிகைக்கு வராத தடை சாராயத்துக்கு வந்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. மதுவிலக்குக் காலத்தில் இஞ்சி டிஞ்சரையே குடித்துப் போதையேற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1955-இல் சாராயம் கலந்த மருந்துகளையும் உள்ளடக்கிய தனிக் கலால் சட்டம் இயற்றப்பட்டது.