கோவலன் ஊர் பார்த்த பகல்

மதுரைக் கடைவீதியிலே கோவலன் இரண்டு முறை நடக்கின்றான். இரண்டாவது நடை கொலையில் முடிந்ததை நேயர்கள் அறிவர். அதற்கு முதல்நாள் அவன் தனியே ஊர் பார்த்து வந்த பகலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இளங்கோவடிகளோ அதற்கென ஊர்காண் காதையையே ஒதுக்கியிருக்கின்றார்.

கண்ணகியை மதிற்புறத்தே கவுந்தியடிகளிடம் விட்டு, நகரத்து வணிகருக்குத் தன் நிலையைத் தெரிவித்து வருவதாகச் சொல்லித்தான் அவன் புறப்படுகின்றான். காவற்காட்டையும் அகழியையும் கடந்து, வாளேந்திய யவனர் காக்கும் வாயிலால் உள்ளே நுழைகின்றான். காப்பியத்தின் காலம் பற்றி அறிஞர் ஒருமுகப்படவில்லை. எனினும் மதுரைப் பகுதியில் உரோம நாணயங்கள் கிடைத்திருப்பதால், யவனர் தொடர்பை வெறுங் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

கணிகையர் வீதிகளைக் கடந்ததும் மணிக்கடைகள். காப்பியம் நின்று நிதானிப்பது இங்கேதான். வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு குற்றங்கள். முத்துக்கோ காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றங்கள். பாடியவர் துறவி, பார்க்கும் கண் மாசாத்துவான் மகனுடையது, வணிகனின் கண். பொற்கடைகளில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னையும் பிரித்தறியக் கொடி கட்டியிருக்கின்றார்கள். பின்னர் அறுவை வீதி. அதன்பின் நிறைகோலும் மிளகுப் பொதியுமாகக் கூல வீதி.

இதே நகரின் இரவையும் மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. அல்லங்காடியை மட்டுமல்ல, நள்ளிரவுக் கள்வரையும் ஊர்காவலரையும்கூட மாங்குடி மருதனார் விடவில்லை. கோவலன் கண்டதோ கொடி நிழலில் நடந்த பகல் மட்டும்.

இக்காதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். இத்தனை கடைகளில் ஒரு வணிகனிடமாவது அவன் வாய் திறந்ததாகக் காதை சொல்லவில்லை. போன காரியம் அப்படியே கிடக்க, கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றான். கவுந்தியடிகளிடம் மதுரையின் சிறப்பைச் சொல்கின்றான். பொழுது சாயுமுன் நகருக்குள் போ, வணிகர் உன்னை ஏற்றுக்கொள்வர் என்று மாடல மறையோனும் அடிகளும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆனால் அன்று மாலை கிடைத்த அடைக்கலம் இடைக்குல மாதரியின் மனை.

மறுநாள் ஒற்றைச் சிலம்புடன் அவன் கடைத்தெருவுக்குப் போனபோது, இவன் இன்னான் என்று சொல்ல அம்மாநகரில் ஒரு வணிகனும் இல்லை. எதிரே, நூறு கொல்லர் பின்தொடர, அரண்மனைப் பொற்கொல்லன் வந்தான். சிலம்புக்கு விலை மதிப்பாயா என்று அவனிடமே கேட்டான்.