காக்காப்பொன்னில் தீட்டிய ஊர்: திருச்சி மைக்கா ஓவியத் தொகுப்புகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்துபோன வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோன நினைவுப் பொருள்களில் மூன்று பேர்பெற்றவை: மெல்லிய பொற்சங்கிலி, நெட்டியில் செய்த கோயில் மாதிரி, காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் தீட்டிய சிற்றோவியம். இவற்றுள் வரிசை வரிசையாகச் சேர்ப்பதற்கென்றே உருவானது கடைசியாகச் சொன்னதுதான். வடக்கே பாட்னா, முர்ஷிதாபாத், காசி ஆகிய ஊர்களும் தெற்கே திருச்சியும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தன.

1801இல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. திருச்சி அதற்கு முன்பே படை முகாம். அதிகாரிகள், அவர்தம் மனைவியர், பாதிரிமார் என்று வாங்குவோர் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். அவர்கள் ஊருக்கு எடுத்துச்செல்லவும் ஏற்ற பொருள் இது: காக்காப்பொன் எடை குறைந்தது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், விலையும் மலிவு.

தொகுப்பின் பொருள்களைப் பார்த்தால் வாங்கியவர் யாரென்று தெரிந்துவிடும். தெய்வங்கள், வாகனப் புறப்பாடு, திருவிழா ஒருபக்கம். கையில் தொழிற்கருவியோடு கணவனும் மனைவியுமாக நிற்கும் குயவர், வண்ணார், நெசவாளர் இன்னொரு பக்கம். பட்லர், ஆயா, பல்லக்குத் தூக்கி என்று துரை வீட்டு வேலைக்காரர்களுக்கே தனி வரிசை. சில தொகுப்புகளில் வேடிக்கையான ஓர் ஏற்பாடும் உண்டு: அட்டையில் முகமும் பின்னணியும் மட்டும் இருக்கும், முகமில்லாத ஆடை அணிகளைத் தீட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தால் ஒரே முகம் பலராக மாறும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே விளையாட்டு இருந்தது.

இந்த ஏற்பாடு, ஓவியர் எதைத் தீட்டினார் என்பதையே காட்டிக்கொடுக்கிறது. ஆள் யாராக இருந்தாலும் சரி; உடையும் கருவியும் மாறினால் போதும். மதுரையில் 1837இல் தொகுக்கப்பட்டு இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மைக்கா ஓவிய ஆல்பத்தில் 72 சாதி மாதிரிகள் இருக்கின்றன. ஒரு சமூகத்தை 72 தகடுகளில் அடக்கலாம் என்ற எண்ணம் சேகரிப்பவருடையது. அக்காலத் தமிழர் வாழ்வுக்கு நேர்ச் சான்றாக இவற்றை எடுத்தாளும் ஆய்வாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உடை, கருவி பற்றிய செய்தி பயன்படும். எண்ணிக்கையும் வகைபிரிப்பும் சந்தைக்காக அமைந்தவை.

1858இல் லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படம் பிடித்தார். 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. நினைவுப் பொருள் வாங்குவோர் அதனால் பெருகியிருக்கலாம். ஆனால் அவர்கள் மெல்லப் புகைப்படத்துக்கும், பிறகு தபால் அட்டைக்கும் மாறினார்கள். சேர்க்கும் பழக்கம் அப்படியே இருந்தது, சேர்த்த பொருள்தான் மாறியது.

நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களை ஸ்ரீரங்கம் கோயில் தன் அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறது. விற்பனைக்கென்று தீட்டிய தகடுகளோ லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அதுபோன்ற இடங்களிலும் கிடக்கின்றன. தீட்டியவர் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை. தகடு ஏடு ஏடாக உரியக்கூடியது, வண்ணமும் அதில் ஊறாமல் மேலேயே நிற்பதால் எளிதில் உதிர்ந்துவிடும். எனவே திருச்சித் தொகுப்புகளை மட்டும் பிரித்து, படத்தோடு ஒரு தமிழ் அட்டவணை தயாரிக்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.