தரங்கம்பாடி டேனியக் கோட்டை அருங்காட்சியகம்

தரங்கம்பாடி டேனியக் கோட்டை அருங்காட்சியகம், மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியில் வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ள டேன்ஸ்போர்க் கோட்டையில் இயங்கி வருகிறது. இது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. இந்திய மண்ணில் டேனியர் நடத்திய வணிகத்தையும் ஆட்சியையும் அறிந்துகொள்ள உதவும் முக்கியமான இடங்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

இலங்கையுடன் மிளகு வணிகம் செய்யும் நோக்கத்துடன் 1618இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் அந்த முயற்சி கைகூடவில்லை. எனவே தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டினர். கீழ்த்தளம் சரக்கறைகளாகவும் சிறையாகவும், மேல்தளம் ஆளுநர் முதலானோரின் குடியிருப்பாகவும் பயன்பட்டன. 1706இல் வந்த சீர்திருத்தக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு, டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட பிணக்கால் 1708இல் இக்கோட்டையில்தான் நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இவ்வூரிலேயே அச்சிட்டவர் அவர்.

1845இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள செராம்பூரையும் 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். அதன்பின் துறைமுகம் பொலிவிழந்தது. கோட்டை 1970களின் பிற்பகுதி வரை பயணியர் விடுதியாக இருந்தது.

காட்சிப் பொருள்கள்

டேனியர் காலக் கையெழுத்து ஆவணங்கள், பீங்கான் கலங்கள், கண்ணாடிப் பொருள்கள், சீனத் தேயிலைச் சாடிகள், வாள், குறுவாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள் ஆகியவை இங்கு வைக்கப்பட்டுள்ளன. சுடுமண் உருவங்கள், சுதைச் சிற்பங்கள், விளக்குகள், மரப்பொருள்கள், திமிங்கில எலும்பு ஆகியவற்றையும் காணலாம்.

இவற்றுள் தேயிலைச் சாடிகள் குறிப்பிடத்தக்கவை. சோழமண்டலக் கரையின் சிற்றூர் ஒன்று, சீனா வரை நீண்ட கடல்வணிகத்தில் பங்கு பெற்றிருந்ததை அவை காட்டுகின்றன. பீரங்கிக் குண்டுகள் அந்த வணிகத்தின் மறுபக்கத்தை உணர்த்துகின்றன. சரக்கைக் காக்கவும் போட்டியாளரைத் தடுக்கவும் வணிகக் குழுமங்கள் படைபலத்தையே நம்பியிருந்தன.

தங்க ஓலை

இவ்வூரின் வரலாற்றைத் தொடங்கிவைத்த ஆவணங்களுள் ஒன்று இங்கு இல்லை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு இரகுநாத நாயக்கர் அனுப்பிய தங்க ஓலைக் கடிதம் கோபன்கேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் வாசகம் தமிழில் உள்ளது; மன்னரின் கையொப்பமோ தெலுங்கில் உள்ளது. தஞ்சை நாயக்கர் அரசவையில் இரு மொழிகளும் புழங்கியதற்கு இது சான்றாகும். எனவே தரங்கம்பாடியின் வரலாற்றை முழுமையாக அறிய, இங்குள்ள பொருள்களுடன் டென்மார்க்கில் உள்ள ஆவணங்களையும் சேர்த்துப் படிப்பது இன்றியமையாதது.