செஞ்சிச் சீமை: சோழியில் சிக்கிய சந்திரன்

சென்ற வாரம் எங்கே நிறுத்தினோம்? செஞ்சிக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. புதுச்சேரி இடிந்து கிடக்கிறது.

அந்த இடிபாடுகளுக்கு நடுவே 1768-ல் வந்து இறங்கினார் லெ ஜாந்தில். பாரிஸின் வானியல் அறிஞர். சூரியனை வெள்ளி கடப்பதை அளக்க 1761-லேயே வந்தவர்தான். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையேற முடியவில்லை. ஆடும் கப்பலில் எதை அளப்பது?

அடுத்த கடப்புக்கு இன்னும் ஓராண்டு. சும்மா இருக்கிற மனிதரா அவர்?

தமிழர்கள் பேனாவைத் தொடாமலே கிரகணம் கணிக்கிறார்களாம். சோதித்துவிட முடிவெடுத்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஏற்கெனவே நடந்து முடிந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம்.

கணக்கர் உட்கார்ந்தார். எதிரே சோழிகள்.

முறை இதுதான். கலியுகம் பிறந்ததிலிருந்து அன்றுவரை எத்தனை நாள்? பதினேழு லட்சத்துக்கும் மேல். அதில் 16,00,984-ஐக் கழி. மீதியை 12,372-ஆல் வகு. அதன் மீதியை 3,031-ஆல். அதன் மீதியை 248-ஆல்.

ஏன் 248? அத்தனை நாளில் சந்திரன் ஒன்பது முறை பூமியை நெருங்கி விலகிவிடும். பிறகு ஏறக்குறைய பழைய ஓட்டமேதான். ஆகவே கடைசி மீதி எதுவோ, அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொல்லி, ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய அளவையும் கூட்டினால் சந்திரன் இருக்கும் இடம் கிடைத்துவிடும். 248 வாக்கியமும் மனப்பாடம்!

பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலின் கணக்குப் பெட்டியில் ஓரிடம் நிறைந்ததும் எந்திரமே அடுத்த இடத்துக்கு ஒன்றை ஏற்றும். இங்கே அந்த வேலையை விரல்கள் செய்தன. சோழி நகர்ந்ததும் பழைய எண் மறைந்துவிடும். நடுவில் பிசகினால் தேடிப் பிடிக்கத் தடயமே இல்லை.

பிசகவில்லை.

கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 விநாடி, குறைவாக. ஐரோப்பா கொண்டாடிய டோபியாஸ் மேயரின் சந்திர அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகச் சொன்னது!

ஒரே கிரகணத்தை வைத்து மேயரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. ஆனால் என்னை உலுக்குவது வேறு. விதியை வரிசை மாறாமல் செய்தால் விடை வந்து நிற்கிறது. அது ஏன் வருகிறது என்று செய்பவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இன்றைய கணிப்பொறியின் உயிர்நாடி அதுதானே?

சோதிக்க வந்தவர் மாணவரானார். துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர் வழியே அந்த முறையைப் பாடம் கேட்டார்.

நாட்கள் ஓடின. 1769 ஜூன் 3 வந்தது. மாலை வானம் பளிச்சென்றிருந்தது. விடிந்தால் வெள்ளி சூரியன் மேல்! எட்டாண்டுக் காத்திருப்பு.

பின்னிரவு இரண்டு மணி. திடுக்கிட்டு எழுந்த லெ ஜாந்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

(அடுத்த வாரம்)